பட்டியலில் இல்லாதவர்களிடம் போய்ப் பேசுங்கள்

வாசகர் கேள்வி: ஆறு வருஷம் டெவலப்பராக இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் ப்ராடக்ட் மேனேஜர் ஆனேன், அதாவது மென்பொருளில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவு செய்யும் ஆள். கிடங்குகளில் சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. "சந்தை கேட்பதைச் செய், அதுதான் உன் வேலை" என்கிறார் நிறுவனர். வருகிற கோரிக்கைகளை எல்லாம் ஒரு ஷீட்டில் எழுதி வைத்தேன், இன்றைக்கு 340 வரி ஆகிவிட்டது. சேல்ஸ் ஹெட் வாரம் ஒரு முறை "இது மட்டும் இருந்தால் டீல் முடிந்துவிடும்" என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தரும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், சேதமான, காணாமல்போன சரக்கைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதுவதற்கு (இருப்பிலிருந்து கழிப்பதற்கு) நான்கு கட்ட ஒப்புதல் முறை வேண்டும் என்று கேட்கிறார். செய்தால் டீம் மொத்தமும் மூன்று மாதம் அதில்தான். போன வருஷம் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தோம், ஆனால் புது வாடிக்கையாளர்கள் பெரிதாக வரவில்லை. நான் செய்வது ப்ராடக்ட் மேனேஜ்மென்ட்டா, ஆர்டர் எடுக்கும் வேலையா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஆர்டர் எடுக்கும் வேலைதான். வருத்தப்பட வேண்டாம், டெவலப்மென்ட் பக்கமிருந்து வருகிற பலரும் முதல் வருஷம் இதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன், ஏனென்றால் டிக்கெட் (செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் சீட்டு) வந்தால் முடித்துக் கொடுப்பதுதான் அதுவரை நமக்குத் தெரிந்த நல்ல பழக்கம். உங்கள் நிறுவனர் சொல்வதிலும் தப்பில்லை, சந்தை கேட்பதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த 340 வரியைத்தான் சந்தை என்று அவரும் சேல்ஸ் ஹெட்டும் நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இடிப்பது அங்கேதான்.

ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இதைக் கேட்டது யார் என்று எழுதிப் பாருங்கள். ஒரு மதியம் போதும். பாதிக்கு மேல் ஏழெட்டு வாடிக்கையாளர்களிடமிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால். மாதம் தவறாமல் பணம் கட்டிக்கொண்டு, ஒரு புகாரும் சொல்லாமல், உள்ளுக்குள் வேறு மென்பொருள் தேடிக்கொண்டிருப்பவர் அந்த ஷீட்டில் இருக்க மாட்டார். டெமோ பார்த்துவிட்டு "யோசித்துச் சொல்கிறோம்" என்று போனவர் இருக்க மாட்டார். போன வருஷம் விட்டுப் போனவரும் இருக்க மாட்டார். இன்னும் எக்செல்லிலும் நோட்டுப் புத்தகத்திலும் காலத்தை ஓட்டுகிறவர்கள் உங்கள் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். புது ஆட்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை வந்தவர்களிடம் கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது? குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற கதைதான்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே இது புரியும். 1931 மே மாதம், ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டையும் தனியாகக் கவனிக்க ஆள் வேண்டும் என்று மூன்று பக்கத்தில் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு மூலம் எது என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் காட்டுவார்கள். (இவரே பிற்பாடு அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார்.) அந்த ஆள் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னது இன்றைக்கும் பழசாகவில்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு சரக்கு போகிறது என்று கணக்கைப் பார்க்க வேண்டும், நன்றாக ஓடுகிற இடத்தில் எதனால் ஓடுகிறது என்று கண்டுபிடித்து மற்ற இடங்களில் முயன்று பார்க்க வேண்டும், ஓடாத இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரரிடமும் வாங்குகிறவரிடமும் பேச வேண்டும். ஓடாத இடத்துக்குப் போகச் சொல்கிறார், கவனியுங்கள். நாம் எல்லோரும் ஓடுகிற இடத்துக்குத்தான் போகிறோம், அங்கேதான் நம்மை உட்கார வைத்துப் பாராட்டுவார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அடுத்த ஆறு வாரத்தில் 15 பேரிடம் பேசுங்கள். ஐந்து பேர் உங்களை விட்டுப் போனவர்கள், ஐந்து பேர் டெமோ பார்த்தும் வாங்காதவர்கள், மீதி ஐந்து பேர் சத்தம் போடாமல் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள். சேல்ஸ்காரர்களைக் கூட அழைத்துப் போகாதீர்கள், பத்தாவது நிமிஷத்தில் விற்க ஆரம்பித்துவிடுவார்கள், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. கைவிட்டுப் போன டீல்களுக்கு எதிரே உங்கள் பதிவேட்டில் பெரும்பாலும் "விலை அதிகம்" என்றுதான் எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள். முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று சொல்ல மனசு வராதவர்கள் விலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அதனால் "ஏன் வாங்கவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். "இப்படி ஒரு மென்பொருள் வேண்டும் என்று முதலில் தோன்றிய அன்று என்ன நடந்தது?" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் யாரிடம் விசாரித்தார்கள், யார் வேண்டாம் என்றது, கடைசியில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக வரட்டும். குறுக்கே பேசாமல் இருந்தால் போதும், பாதிக் கதை தானாக வந்துவிடும்.

வரப்போவதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஆமாம் சொல்வதற்குக் காசா பணமா? நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக இருப்புக் கணக்கு உதைத்தது எப்போது, அன்று எத்தனை பேர் உட்கார்ந்து தேடினார்கள், எவ்வளவு நேரம் ஆனது, அதற்குப் பிறகு எதையாவது மாற்றினார்களா? ஒரு பிரச்சினைக்காக ஒரு மணி நேரமோ ஒரு ரூபாயோ இதுவரை செலவழிக்காதவர், நீங்கள் தீர்வு கொண்டுவந்தாலும் செலவழிக்க மாட்டார். கேள்வி தப்பாக இருந்தால் எத்தனை பேரைக் கேட்டும் பிரயோஜனமில்லை. கோகோ கோலா 1985-ல் புதுச் சுவையை இறக்குவதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்தது, பெரும்பான்மைக்குப் புதியதுதான் பிடித்தது. ஆனால் எது ருசி என்றுதான் அந்தச் சோதனை சொல்லும், பழகிய பழையதைக் கையிலிருந்து பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லாது. ஏப்ரல் 23-ல் அறிவித்தார்கள், 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பேசுவதைவிட நல்லது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஷிஃப்ட் வருகைப் பதிவு மென்பொருள் ஒன்றுக்கு ப்ராடக்ட் மேனேஜராக இருந்தேன். சூப்பர்வைசர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரிப்போர்ட் நன்றாக இல்லை, இன்னும் நல்ல ரிப்போர்ட் வேண்டும். கொடுத்தோம். ஒரு வருஷத்தில் 14 வகை ரிப்போர்ட் செய்தோம், கலர் கலராக. அதற்கப்புறமும் அதே கோரிக்கை வந்துகொண்டிருந்தது. எரிச்சலில் ஒரு நாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு சூப்பர்வைசரம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் திறந்தது அந்த 14-ல் ஒன்றுகூட இல்லை, முதல் நாளிலிருந்து இருந்த பழைய பட்டியல். அதை அச்சடித்தார். வராதவர்கள் பெயரைப் பேனாவால் வட்டமிட்டார், ஐந்து பேர். அப்புறம் இழுப்பறையிலிருந்து, ஓரமெல்லாம் கிழிந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். பெயர், போன் நம்பர், பக்கத்தில் அவருக்கு மட்டுமே புரிகிற குறிகள். புள்ளி இருந்தால் கூப்பிட்டதும் வருகிற ஆள். கோடு இருந்தால் இரவு ஷிஃப்டுக்கு வராது. வட்டம் என்றால் இந்த வாரம் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்தாயிற்று. நாற்பது நிமிஷம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் பேசி நாலு பேரைப் பிடித்தார், ஐந்தாவது இடம் காலியாகவே கிடந்தது. "நல்ல ரிப்போர்ட்" என்று அவர் ஒரு வருஷமாகக் கேட்டது இந்த நாற்பது நிமிஷத்தைத்தான். டெமோ கொடுக்கும்போது போட்டி நிறுவனங்கள் என்று ஐந்து பெயர் சொல்வோம், அந்த நோட்டைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வராதவருக்குப் பதில் யாரைக் கூப்பிடலாம் என்று காட்டும் ஒரு பக்கம் செய்தோம். முதல் வடிவத்தில் அந்தக் குறிகளை மேலாளரும் பார்க்கும்படி வைத்துவிட்டோம், ஒரு சூப்பர்வைசர்கூட நிரப்பவில்லை. யாரை நம்பலாம், யாரை நம்ப முடியாது என்று எழுதி மேலே காட்ட யார் முன்வருவார்கள்? அதையும் மறுபடி போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டோம். கணக்கு மென்பொருள் செய்கிற இன்ட்யூட் நிறுவனத்தில் ஆரம்ப காலத்திலிருந்தே, வாடிக்கையாளர் அனுமதியோடு அவர் வீட்டுக்கே போய் மென்பொருளை எப்படி நிறுவிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கிற பழக்கம் உண்டு. வீட்டுக் கணக்குக்காக அவர்கள் செய்த க்விக்கனைப் பலர் தங்கள் சிறு தொழிலின் கணக்குக்குப் பயன்படுத்துவது தெரியவந்தது, முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்புறம் விழித்துக்கொண்டு 1992-ல் க்விக்புக்ஸைக் கொண்டுவந்தார்கள். எங்களுக்குச் சிறு தொழில் மென்பொருள் வேண்டும் என்று யாரும் கோரிக்கை எழுதிப் போட்டு வந்ததல்ல அது.

அதனால் உங்கள் 340 வரியையும் தீர்வாக இல்லாமல் பிரச்சினையாக மாற்றி எழுதுங்கள். "எக்செல்லுக்கு எக்ஸ்போர்ட்" என்று இருந்தால், எக்ஸ்போர்ட் செய்து அங்கே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். இதில் சலிப்பு உண்டு, ஒரு வாரம் போகும், ஆனால் முந்நூற்றுச் சொச்சம் வரி முப்பது பிரச்சினையாகச் சுருங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சிலவற்றுக்குத் தீர்வு ஏற்கெனவே உங்கள் மென்பொருளிலேயே இருக்கும், கண்ணில் படாத இடத்தில். மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கே இது நடந்தது, ஜனங்கள் புதிதாக வேண்டும் என்று கேட்ட வசதிகளில் பல உள்ளே மெனுவுக்குள் மெனுவாகப் புதைந்து கிடந்தன, 2007 பதிப்பில் மெனுவையே எடுத்துவிட்டு ரிப்பன் (பொத்தான்களைத் திரையின் மேலே விரித்துக் காட்டும் பட்டை) கொண்டுவந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முப்பதில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஆளுக்கொரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், மதிப்பெண் போட்டுக் கூட்டிக் கழிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, நமக்குப் பிடித்தது மேலே வரும்வரை மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டிருப்போம். ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984-ல் சொன்ன வழி மட்டும் எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு கேள்வி: இது இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இருந்தால் "இருக்கத்தானே வேண்டும்", இல்லாவிட்டால் கோபம் என்றால் அது அடிப்படை. உங்கள் மென்பொருளில் இருப்பு எண்ணிக்கை சரியாகக் காட்டுவது அந்த ரகம், சரியாக இருந்தால் யாரும் மெச்ச மாட்டார்கள், ஒரு நாள் தப்பினால் மன்னிக்க மாட்டார்கள். இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் அது தித்திப்பு, அடிப்படை உறுதியாகும்வரை காத்திருக்கலாம். இரண்டுக்கும் "பரவாயில்லை" என்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இப்போது சேல்ஸ் ஹெட். அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். கையெழுத்தானதும் அவருக்குக் கமிஷன், அதற்குப் பிறகு அந்த வசதியைப் பத்து வருஷம் கட்டி மேய்ப்பது நீங்கள், ஆளைக் குறை சொல்லி என்ன பயன். இரண்டு காரியம் செய்யுங்கள். போன வருஷம் "இது இருந்தால் டீல் முடியும்" என்று சொல்லிச் செய்த ஒவ்வொன்றையும் எடுத்து, டீல் முடிந்ததா என்று எதிரே எழுதி, அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டாம், தனியாக. இரண்டாவது, இனிமேல் இப்படி ஒன்று வரும்போது, "இதைச் செய்தால் இந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்களா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும். எழுதிக் கொடுத்துவிட்டால் அதை மதிக்க வேண்டும், அதுவும் சந்தையின் குரல்தான்.

எதையாவது கட்டத் தொடங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். அமேசானில் புதுப் பொருளைச் செய்யத் தொடங்கும் முன்பே, அது வெளியாகும் நாளில் வரப்போகும் செய்தி அறிக்கையை எழுதிப் பார்க்கிற வழக்கம் உண்டு. யாருக்கு, என்ன கஷ்டம், இது எப்படித் தீர்க்கிறது என்று சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுத வராவிட்டால் அதைக் கட்டுவதில் அர்த்தமில்லை. வெளியான பிறகும் வேலை முடியவில்லை. மூன்று மாதம் கழித்து யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள், யாரும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். சமீபத்தில் பயன்படுத்தியவர்களிடம் புது நிறுவனங்களை வளர்க்க ஆலோசனை சொல்கிற ஷான் எல்லிஸ் சொன்ன கேள்வியையும் கேட்கலாம்: நாளையிலிருந்து இது கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? "ரொம்ப ஏமாற்றமாக இருக்கும்" என்பவர்கள் 40 சதவீதத்தைத் தொட்டால் பொருளுக்குச் சந்தையில் காலூன்ற இடம் கிடைத்திருக்கிறது என்பது அவர் கணக்கு. அந்த எண்ணைவிட, அப்படிச் சொல்கிறவர்கள் யார், எந்த மாதிரி கிடங்கு, எத்தனை ஆள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் அடுத்த வாடிக்கையாளர் அவர்களைப் போலத்தான் இருப்பார்.

இதை ஒரு முறை செய்துவிட்டு மூன்று வருஷம் கதவைச் சாத்திக்கொண்டும் இருக்கக் கூடாது. எங்கிருந்தும் பேசலாம் என்ற செயற்கைக்கோள் போன் யோசனை மோட்டரோலாவில் 1987-ல் பிறந்தபோது நியாயமாகத்தான் இருந்தது. 66 செயற்கைக்கோளை ஏற்றி, 1998 நவம்பரில் இரிடியம் என்ற பெயரில் அந்தச் சேவை தொடங்குவதற்குள் சாதாரண செல்போன் பரவி, மலிவாகி, சட்டைப்பைக்குள் போய்விட்டது. இவர்கள் கருவியோ செங்கல் கனம், விலை 3,000 டாலர் வாக்கில், கட்டடத்துக்குள் போனால் பேச முடியாது. 1999 ஆகஸ்டில் திவால்.

கடைசியாக அந்தப் பெரிய வாடிக்கையாளர். மூன்றில் ஒரு பங்கு வருமானம் என்பதால் முடிவு உங்களுடையது மட்டுமல்ல, நிறுவனருடையது. நீங்கள் செய்ய வேண்டியது அவர் முன்னால் கணக்கைத் தெளிவாக வைப்பது. மூன்று மாதம் என்பது கட்டுவதற்கு மட்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் அதைச் சோதிக்க வேண்டும், சப்போர்ட் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், புதிதாக வருகிற டெவலப்பர் இது ஏன் இருக்கிறது என்று கேட்பார். இதே பிரச்சினை உள்ள இன்னும் ஐந்து நிறுவனங்களைக் காட்ட முடிந்தால் பொதுவான வசதியாகச் செய்யலாம். காட்ட முடியாவிட்டால், அவர்கள் பக்கமே ஒப்புதலை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் உங்களுக்கு அனுப்பும்படி ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழி) இணைப்பு கொடுக்கலாம், இல்லையென்றால் தனிக் கட்டணம் வாங்கிச் செய்யலாம். வருமானத்தைக் காப்பாற்றத்தான் செய்கிறோம் என்றால் அப்படியே சொல்லிச் செய்யுங்கள், அதில் வெட்கமில்லை. சந்தை கேட்கிறது என்று பெயர் வைக்க வேண்டாம். டீமின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைக்குப் போகாமல் நிறுவனரிடம் ஒரு வரம்பும் வாங்கிவிடுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நான்கு கட்ட ஒப்புதல் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். எப்போதோ யாரோ சரக்கைத் தப்பாகத் தள்ளுபடியில் எழுதி, ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற பதிவு ஒன்றே போதுமாக இருக்கலாம், அது இரண்டு வார வேலை. அந்தக் கோரிக்கையை அனுப்பிய மேலாளரிடம் கேட்டால் நான்கு கட்டத்தையே மறுபடி படம் போட்டு விளக்குவார். அவர் அனுமதியோடு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள், முடிந்தால் மாதக் கடைசியில். நோட்டும் பேனாவும் போதும், லேப்டாப் வேண்டாம், திறந்தால் ஏதோ டெமோ என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள்.